கிணற்றடி ஹொண்டாவுக்குச் சில்லுப் பூட்டிய கதை

ஐப்பசி மழை ரெண்டு தரம் வடிவாகப் பெய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் லான்ட்மாஸ்டர், அதாவது பின்னால் நடந்து ஓட்டுகிற ரெண்டு சில்லு உழவு மெசின், பிடிப்பது லேசான காரியமில்லை. காலபோக விதைப்பு தொடங்கிவிடும், ஊரில் உள்ள மெசின் எல்லாம் வயலுக்குள் நிற்கும். ஏக்கர் கணக்கில் உழுது காசு எடுக்கிறவரிடம் போய் "அண்ணை, வளவுக்குள்ள அரை ஏக்கர் கச்சான் போடவேணும், ஒருக்கா வாங்கோ" என்றால் அவர் சிரித்துவிட்டு நாளைக்கு என்பார். அந்த நாளைக்கு வரும்போது ஈரம் போயிருக்கும். வன்னி மண் ஈரத்தோடு மாவு மாதிரி இருந்தாலும் காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது இங்கே தோட்டம் செய்கிறவர்களுக்குத் தெரியும். விசுவமடு, தருமபுரம் பக்கத்தில் மேட்டுநிலப் பயிர் செய்கிற எல்லோருக்கும் ஒவ்வொரு வருடமும் இதே பாடுதான். கச்சான், மிளகாய், உழுந்து, கௌபி எல்லாம் அந்தப் பத்துப் பதினைந்து நாள் ஈரத்தை நம்பித்தான் நிலத்துக்குள் போகின்றன.

வளவுக்கென்று சின்னதாக ஒரு மெசின் செய்தால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. புதிதாக வாங்க 2022க்குப் பிறகு விலை கேட்கவே பயமாக இருந்தது. மாமாவின் கொட்டிலில் ஒரு ஹொண்டா ஜி 200 கிடந்தது. இறைப்பு மெசினாக இருந்தது, 197 சிசி, 5 குதிரைவலு. 2009 தையில் இடம்பெயரும்போது உரப்பையால் சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனார்கள். மீள்குடியேறி வந்து தோண்டி எடுத்தபோது பம்பின் வார்ப்பு வெடித்திருந்தது, எஞ்சின் இறுகியிருந்தது. அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை, பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க மாமாவுக்கு மனம் வரவுமில்லை. நான் கேட்டதும், "கொண்டு போ, ஆனா இரும்புக்குப் போடுறதெண்டா எனக்குத் திருப்பித் தா" என்றார்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைப் பிடித்துப் பூட்டச் சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். கியரும் கிளச்சும் உள்ளேயே இருக்கிறது, பழைய எம்.டி. 90 ஒன்று எங்கேயும் கிடைக்கும் என்றார்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓடுகிற காற்றில்தான் குளிர்கிறது. நடக்கிற வேகத்தில் முழு இழுவையோடு ஒரு மணித்தியாலம் வெயிலுக்குள் நின்றால் சிலிண்டர் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். இறைப்பு எஞ்சின் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க ஓடவென்று செய்த சாமான். பறசில்லிலேயே, அதாவது அச்சோடு சுற்றுகிற பாரச் சில்லிலேயே, விசிறி இருக்கிறது, மேலே உள்ள தகரக் கவசம் அந்தக் காற்றைச் சிலிண்டர் இதழ்களுக்கு நேரே தள்ளிவிடும். நின்ற இடத்தில் வேலை செய்கிற எஞ்சினுக்கும் மெல்ல நகர்ந்து வேலை செய்கிற எஞ்சினுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதனால்தான் இதை எடுத்தேன்.

அந்தக் கவசத்தைக் கழற்றினால் உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டி வைத்திருக்கிறது, இதழ் இடுக்கெல்லாம் சீமெந்து பூசின மாதிரி. பழைய எஞ்சின் எது எடுத்தாலும் முதலில் இதைப் பாருங்கள். எஞ்சின் ஸ்ராட் ஆகிவிட்டது என்ற சந்தோசத்தில் கவசத்தைக் கழற்றாமலே வேலைக்கு இறக்கினால் காற்றுப் போக வழியில்லாமல் சூடேறிச் சாகும். சைலன்சருக்குள்ளும் கம்பி விட்டுப் பாருங்கள், குளவிக்கு அது பிடித்த இடம்.

இது பக்க வால்வு எஞ்சின், அதாவது வால்வுகள் ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் புளொக்கிலேயே மேல்நோக்கி நிற்கின்றன. ஹெட் என்பது வெறும் அலுமினிய மூடி, போல்ட்டுகளைக் கழற்றினால் பிஸ்டன், வால்வு, சிலிண்டர் சுவர் எல்லாம் கண்ணுக்கு முன்னால். இப்போது வருகிற மேல் வால்வு எஞ்சின்களோடு பார்த்தால் இது பெற்றோலைக் கூடக் குடிக்கும், அதே அளவுக்குப் பலம் தராது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் மரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக் கையில் உள்ள ஸ்பனர்களோடு திறந்து பார்க்கக் கூடிய எஞ்சின் இதுதான்.

ஹெட்டைத் தூக்கியபோது கீழே கஸ்கற், அதாவது காற்றுக் கசியாமல் இடையில் வைக்கிற தகடு, ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு இருந்தன. நடுவில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தபிறகுதான் ரெண்டென்று தெரிந்தது. மோட்டார் கராச்சில் பழைய மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்ததும் சிரித்தார். "உது தடைக் காலத்துக் கை வேலை தம்பி" என்றார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோல் வன்னிக்குள் வராது, வந்தாலும் வாங்க முடியாத விலை. இறைப்பு மெசின், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெயை அப்படியே விட்டால் இழுவையில் உள்ளே டிக் டிக்கென்று அடிக்கும், அந்த அடி பிஸ்டனைத் தின்னும். அமுக்கத்தைக் குறைத்தால் அடி குறையும். அதற்காக ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தக் கஸ்கற்றை ரெண்டாகப் போட்டிருக்கிறார்கள். புத்தகம் படித்துச் செய்ததில்லை, செய்து செய்து கண்டுபிடித்தது. அந்தக் காலத்து மெக்கானிக்மாரைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதவேண்டும்.

நான் அந்த ரெண்டாவது கஸ்கற்றை எடுத்துவிட்டேன். மண்ணெண்ணெய் மலிவாக இருந்தவரைக்கும் அந்த ஏற்பாட்டில் லாபம் இருந்தது. 2022 ஓகஸ்ட்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போன பிறகு, குறைந்த பலத்தையும் புகையையும் சகித்துக்கொண்டு அதில் ஓட்ட ஒரு நியாயமும் இருக்கவில்லை. இன்னொன்று, எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மட்டம் ஏறிக்கொண்டு போகும், நாங்கள் ஒயில் குறையவில்லை என்று சந்தோசப்படுவோம், உள்ளே இருப்பது தண்ணி மாதிரி ஆகியிருக்கும். மணந்து பார்த்தால் தெரியும்.

இறுகிய பிஸ்டனுக்கு டீசலும் பழைய கியர் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். அவசரப்படக் கூடாத இடம் இது. சுத்தியலால் நேரே அடித்தால் அலுமினியப் பிஸ்டன் பிளந்துபோகும். வேப்பங்கட்டை ஒன்றைப் பிஸ்டன் அளவுக்குச் செதுக்கி வைத்து அதன்மேல் மெல்லத் தட்டினால், ஒரு நாள் திடீரென்று மயிரிழை இறங்கும், அதற்குப் பிறகு பயமில்லை. றிங் ரெண்டு உடைந்திருந்தது, சிலிண்டரில் கறள் குழி விழுந்திருந்தது. லேத்தில் கொடுத்து அடுத்த அளவுக்கு, 0.25 மில்லிமீற்றர் கூட, போர் பண்ணி அதற்கேற்ற பிஸ்டனும் றிங்கும் வாங்கினேன். இந்த எஞ்சினுக்குச் சாமான் இன்னும் கிடைக்கிறது, ஒரிஜினல் இல்லை, ஆனால் ஓடும். வால்வு ரெண்டையும் அரைத்து இருக்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் முழுசாகத் தெரியும் வரைக்கும் தேய்த்தேன். அந்த வளையம் எங்காவது அறுந்து தெரிந்தால் அமுக்கம் அதால்தான் போகிறது.

தீப்பொறிக்குப் பறசில்லைக் கழற்றவேண்டும், மின்னைத் தொடுத்தும் அறுத்தும் பொறி உண்டாக்குகிற பொயின்ற் அதற்குக் கீழே இருக்கிறது. பற்றரி வேண்டாத மக்னெற்றோ வேலை. பொயின்ற் முகம் பச்சை படிந்திருந்தது, மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வைத்தேன். அளவுத் தகடு இல்லாதவர்கள் சிகரெட் பெட்டி மட்டையை விட்டுப் பார்ப்பது இங்கே பழைய வழக்கம், கிட்டத்தட்டச் சரியாகத்தான் வரும். தேய்த்தபிறகு அந்த இடத்தைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைக்காமல் விட்டால் எமரித் தூளே பொறியை மறிக்கும். காபரேற்றர் பற்றி எழுத ஒன்றுமில்லை, கழற்று, கழுவு, மெயின் ஜெற் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார், பூட்டு.

சரி, எஞ்சின் ஓடியது. எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். உண்மையில் வேலை தொடங்குவது இங்கேதான். எஞ்சினைத் திருத்துவது தெரிந்த வேலை, பிழை எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். தண்ணி இறைத்த எஞ்சினை மண்ணை இழுக்க வைப்பதுதான் யோசித்துச் செய்யவேண்டிய வேலை. 5 குதிரை போதுமா என்றுதான் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள். அந்த 5 குதிரையை எத்தனை சுற்றாகக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு இதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று. மண்ணுக்குள் கொழு இழுக்கும்போது மனிதன் பின்னால் நடக்கிற வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர், அதாவது நிமிடத்துக்கு 50 மீற்றர். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீற்றர் போகும், அப்போ சில்லு நிமிடத்துக்கு 26, 27 தரம் சுற்றினால் போதும். 3600ஐ 27 ஆக்கவேண்டும், அதாவது 130 மடங்குக்கு மேல் குறைக்கவேண்டும். செயினும் பல்லுச் சில்லும் வைத்து இதைச் செய்யப் போனால் மூன்று நாலு படி வேண்டும், ஒவ்வொரு படிக்கும் அச்சு, பெயரிங், இறுக்கம், எண்ணெய், பிறகு மண் போய்த் தேய்வது. அதனால் எஞ்சின் இல்லாமல் கிடந்த பழைய லான்ட்மாஸ்டர் கியர்ப்பெட்டி ஒன்றைத் தேடினேன். பரந்தனுக்குக் கிட்ட ஒரு பழைய இரும்புக் கடையில் டீசல் எஞ்சின் கழன்ற ஒன்று கிடைத்தது, கைபிடியும் அச்சும் சேர்ந்து. இரும்பு நிறைக்குத்தான் விலை சொன்னார்கள், கியர் வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் வேறு விலை சொல்லியிருப்பார்கள்.

கியர்ப்பெட்டி எத்தனை மடங்கு குறைக்கிறது என்று அறியப் புத்தகம் தேவையில்லை. உள்ளே போகிற புல்லியில் சோக்கால் ஒரு கோடு, சில்லு மையத்தில் ஒரு கோடு, கியரைப் போட்டுக் கையால் சுற்றி எண்ணவேண்டியதுதான். உழவுக்குச் சரிவரும் கியரில் 45 சுற்றுக்கு ஒன்று வந்தது. மிச்சம் மூன்று மடங்கைப் புல்லி பார்த்துக்கொள்ளும்: எஞ்சினில் 3 அங்குலம், கியர்ப்பெட்டியில் 9 அங்குலம். 3600 சுற்று 1200 ஆகும், 1200ஐ 45ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட அந்த 27. முந்தி இருந்த டீசல் எஞ்சின் 2200 சுற்றில் 5 அங்குலப் புல்லியோடு கொடுத்ததும் ஏறக்குறைய இதே வேகம்தான், அதனால் கியர்ப்பெட்டிக்குப் பழக்கமில்லாத எதையும் நான் கொடுக்கவில்லை.

ஒரு சங்கடம், பழைய புல்லி பி அளவு பெல்ற்றுக்கு வெட்டியது. அந்தத் தடித்த பெல்ற் 3 அங்குலப் புல்லியைச் சுற்றி மடியாது, மடக்கி ஓட்டினால் சூடேறி வெடிக்கும். ஏ அளவு பெல்ற் மடியும், ஆனால் பி தவாளிப்புக்குள், அதாவது புல்லியில் பெல்ற் இருக்கிற பள்ளத்துக்குள், போட்டால் அடியில் போய் இருந்துகொண்டு வழுக்கும். பெல்ற் பக்கச் சுவரில்தான் பிடிக்கவேண்டும், அடியில் இருந்தால் பிடியே இல்லை. ஆகவே ரெண்டு பக்கமும் ஏ அளவில் ரெட்டைத் தவாளிப்புப் புல்லி. பெரியது மூடிப்போன அரிசி ஆலை ஒன்றில் இருந்தது, சின்னதைக் கடைந்தோம்.

கடைவதிலும் ஒரு விசயம். இறைப்பு எஞ்சின் பலதின் அச்சு நுனியில் புல்லி வழுக்காமல் ஆப்பு வைக்கிற சாவிக்காடி இருக்காது, மரைதான் இருக்கும், பம்பின் உட்சில்லு நேரே அதில் திருகி நிற்கும். என்னுடையதும் அப்படித்தான். சந்தையில் வாங்குகிற புல்லி எதுவும் அதில் நிற்காது. லேத் அண்ணை மரை வெட்டிய குழல் ஒன்று செய்து அதன்மேல் புல்லியை ஏற்றித் தந்தார். எஞ்சின் சுற்றுகிற பக்கமும் மரையின் பக்கமும் எப்படி என்றால், இழுவை வர வர மரை இறுகும். ஆனால் எஞ்சின் சட்டென்று நிற்கும்போது பாரமான புல்லி தன்பாட்டில் சுற்றப் பார்க்கும், அப்போது கழரும். அதற்கு அச்சு நுனியில் ஓட்டை போட்டு ஒரு போல்ட்டால் பூட்டினோம். "உது கழண்டு பறந்தா முழங்கால்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் இறுக்கினார். புல்லியைப் பெயரிங்குக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். பம்பு அச்சைப் பக்கவாட்டில் இழுப்பதில்லை, பெல்ற் இழுக்கும். தள்ளி வைத்தால் பெயரிங்கும் அச்சும் நெடுநாள் நிற்காது.

எஞ்சினை வைக்கிற சட்டத்தை ஒட்டுவதற்கு முன் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். இந்த ஹொண்டா அச்சு நுனியிலிருந்து பார்த்தால் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அதனால் அச்சு இடது பக்கம் வரும்படி வைத்தால் எனது கியர்ப்பெட்டிக்கு முன்னோக்கிய கியர் முன்னோக்கியே இருக்கும். வலப்பக்கம் வைத்து ஒட்டியிருந்தால் பின்கியர் ஒன்றோ ரெண்டோதான் முன்னே போக மிஞ்சும்.

ஒயில் பற்றியும் சொல்லவேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. இந்த எஞ்சினில் ஒயில் பம்பு கிடையாது. பிஸ்டனை அச்சோடு இணைக்கிற கொனக்டிங் றொட்டின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நாக்கு, அது ஒவ்வொரு சுற்றிலும் ஒயிலை அள்ளித் தெளிக்கும். கிணற்றடியில் மட்டமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. மெசின் வரம்பில் ஏறினாலோ, திருப்பும்போது கைபிடியை உயரத் தூக்கினாலோ எஞ்சின் சரியும், நாக்கு ஒயிலில் தொடாது. கொனக்டிங் றொட் அலுமினியம், உள்ளே தேய்மானத்துக்கென்று தனி மெற்றல் பெயரிங் கூட இல்லை, கொஞ்ச நேரம் காய்ந்தாலே போதும். அதனால் வேலை செய்கிற நிலையில், கொழு மண்ணுக்குள் இருக்கும்போது எஞ்சின் மட்டமாக வரும்படி சட்டத்தை ஒட்டவேண்டும், நிறுத்தி வைக்கும்போது சரிந்து நின்றால் பரவாயில்லை. ஒயிலை மேல் மட்டத்திலேயே வைத்திருக்கிறேன், உழவு நாளில் காலமை பார்க்காமல் ஸ்ராட் பண்ணுவதில்லை.

எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைக் கழற்றச் சொல்லி வராத பெடியன் இல்லை. "அண்ணை, அந்தக் கவர்னரை எடுத்துவிடுங்கோ, பிச்சுக்கொண்டு போகும்." போகும்தான், அந்தக் கொனக்டிங் றொட் புளொக்கைத் துளைத்துக்கொண்டு. கவர்னர் இருப்பதால்தான் மண் இறுகும்போது தானாகத் துறொட்டில் திறக்கிறது, இளகும்போது மூடுகிறது. நான் செய்தது அதன் ஸ்பிரிங்கை இழுக்கும் நெம்பை ஒரு மோட்டார் சைக்கிள் கிளச் வயரால் கைபிடிக்குக் கொண்டுவந்தது மட்டும். கிளச்சும் அப்படித்தான், பெல்ற்றை இறுக்கும் ஒரு உருளை, நெம்பை விட்டால் பெல்ற் தளர்ந்து மெசின் நிற்கும். கை விட்டால் நிற்கவேண்டும், அதுதான் முக்கியம். கை விட்டும் ஓடுகிற மெசினைப் பிள்ளைகள் உள்ள வளவுக்குள் இறக்கக் கூடாது. புல்லிக்கு மேல் தகர மூடி போடாமலும் இறக்கக் கூடாது, சாரத்தோடு வேலை செய்கிற ஊர் இது.

இப்போது என்ன செய்கிறது என்றால், மழைக்குப் பிறகு ஈர மண்ணில் மூன்று கொழு வைத்த கலப்பையை இழுக்கிறது, ஆழம் நாலு அங்குலம். சுழல் கலப்பை இழுக்காது, முயலவும் வேண்டாம், அதற்கு டீசலின் இழுவை வேண்டும். காய்ந்த நிலத்தில் கொழு இறங்குவதற்கு முன் சில்லு சுற்றி நிற்கும், சில்லில் இரும்புப் பாரம் கட்டியபிறகு கொஞ்சம் பரவாயில்லை. மிளகாய் 60 சென்ரிமீற்றர் வரிசையில் வைப்போம், கச்சான் 45, அந்த இடைவெளிக்குள் இந்த அச்சு போகாது. ஆகவே இடைக்களை பிடுங்குவது இன்னும் கையால்தான், அதற்கு ஒற்றைச் சில்லு வைத்து வேறொன்று செய்யவேண்டும். பின்னால் சின்னப் பெட்டி ஒன்று கொளுவி எருவும் தண்ணிக் கானும் இழுக்கிறேன், வளவுக்குள் மட்டும், வீதிக்கு ஏற்றுவதில்லை.

காற்று வடிகட்டிதான் எதிர்பார்த்ததைவிடக் கூட வேலை தருகிறது. கிணற்றடியில் புல்லும் ஈரமும், தூசி கிடையாது. உழவில் பின்னால் எழும்புகிற செம்மண் தூசி முழுக்க எஞ்சின் முகத்தில்தான். பஞ்சு வடிகட்டியை மண்ணெண்ணெயில் கழுவிப் பிழிந்து, எஞ்சின் ஒயிலில் நனைத்து, திரும்பவும் நல்லாகப் பிழிந்து போடவேண்டும், உழவு நாட்களில் ஒவ்வொரு பின்னேரமும். விட்டால் அந்தத் தூசிதான் புதிய றிங்கை அரைத்து முடிக்கும்.

எஞ்சினை நாலு போல்ட்டில்தான் நிறுத்தியிருக்கிறேன். லேத் அண்ணை செய்த குழலைக் கழற்றினால் அச்சின் மரை பழையபடி அப்படியே இருக்கிறது, வேறு பம்பு உடல் ஒன்று கிடைத்தால் சித்திரையில் எஞ்சினைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோகலாம். அந்தப் பம்பு உடலைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், வார்ப்பு வெடிக்காதது, ரெண்டு அங்குல வாய். வவுனியாப் பக்கத்தில் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், விலை பேசலாம்.